மாவு வண்டே... மன்னிச்சிடு!

உங்க வீட்டுச் சமையலறையில ரொம்ப நாளா தொடாத ரவை டப்பாவோ, மைதா பாக்கெட்டோ இருந்தா கொஞ்சம் திறந்து பாருங்க பாஸ். எள்ளு சைஸுல, செம்பழுப்பு கலர்ல ஒண்ணு ரெண்டு ஊர்ந்துட்டு இருக்கா? 'ஐயே'ன்னு அலறி அம்மாவைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அதுகிட்ட நான் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கு. மேடையேறி, மைக் பிடிச்சு, அதைப் பத்தித் தப்பா சொல்லி, கைதட்டலும் பரிசும் வாங்கினவன் நான்!

கதை என்னன்னா... நான் எலெக்ட்ரானிக்ஸ் மூணாம் வருஷம். போன செமஸ்டர்ல வேற ஒரு காலேஜ்ல நடந்த சிம்போஸியத்துக்குப் பேப்பர் பிரசென்டேஷன் பண்ணப் போயிருந்தேன். எல்லாரும் ரோபோ, டிரோன், தானாத் தண்ணி பாய்ச்சுற மோட்டார்னு வரிசை கட்டி நிப்பாங்கன்னு தெரியும். 'கொஞ்சம் வித்தியாசமா அடிப்போம் மச்சி'ன்னு நான் எடுத்த தலைப்பு, 'ஒரு முட்டைக்குள் ஓடும் சர்க்யூட்'. ஹீரோ, பழ ஈ. அதாங்க, வாழைப்பழம் கொஞ்சம் கனிஞ்சதும் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தப் பொடி ஈ.

ஈ, வண்டு, இறால், சிலந்தி, பூரான்... கணுக்காலிக் கூட்டம் மொத்தத்துக்கும் உடம்பு துண்டு துண்டாத்தான் இருக்கும். பயாலஜி புத்தகத்துல 'கண்டம்'னு படிச்சிருப்பீங்க. ஒரே ஒரு செல்லா ஆரம்பிக்கிற முட்டை, 'இங்கே ஒரு கண்டம், அங்கே ஒரு கண்டம்'னு எப்படிக் கணக்குப் பண்ணிக் கோடு போடுது? ஜெர்மனியில ஹைடல்பெர்க் நகரத்துல இருக்கிற ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துல கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ்னு ரெண்டு பேர் இந்தக் கேள்வியோட உட்கார்ந்தாங்க. ஈக்களோட ஜீன்களைக் கன்னாபின்னான்னு கெடுத்துவிட வேண்டியது. எது கெட்டா கருவுல எந்தக் கண்டம் காணாமப் போகுதுன்னு பார்க்க வேண்டியது. ரெண்டு பேரும் ஒரே கருவை ஒரே நேரத்துல எட்டிப் பார்க்கிற மாதிரி ரெட்டைத் தலை மைக்ராஸ்கோப். முன்னாடி ஆயிரக்கணக்கான ஈக் குடும்பங்கள். 1980-ல 'நேச்சர்' இதழ்ல ரிசல்ட் வந்துச்சு: 15 ஜீன்கள், மூணு அடுக்கு. 1995-ல எட்வர்ட் லூயிஸோட சேர்த்து நோபல் பரிசு.

இந்த ஜீன்களோட பேரைக் கேட்டா நம்ம ஹாஸ்டல் பட்டப்பேரெல்லாம் பிச்சை வாங்கணும். 'ஹெட்ஜ்ஹாக்'னு ஒண்ணு; அது கெட்டா புழு முள்ளெலி மாதிரி ஆயிடுமாம். 'ஈவன்-ஸ்கிப்ட்' கெட்டா இரட்டைப்படைக் கண்டங்கள் ஆப்சென்ட். 'ஆட்-ஸ்கிப்ட்' கெட்டா ஒற்றைப்படை. 'ஃபுஷி தராஸு'ன்னு பின்னாடி வந்த ஒரு ஜீனுக்கு ஜப்பானிய மொழியில 'கண்டம் பத்தல'ன்னு அர்த்தம்!

மேடையில நான் சொன்ன உதாரணம், கடலை மிட்டாய். பாகு கலந்த கடலையைத் தட்டுல கொட்டி, சமமாத் தேச்சு, சூடு ஆறுறதுக்குள்ள கத்தியால சரசரன்னு கோடு போடுவாங்க இல்லையா? மொத்தத் தட்டும் ஒரே மூச்சுல துண்டாயிடும். பழ ஈயும் அப்படித்தான். அம்மா ஈ, முட்டையோட முன்பக்கத்துல 'பைகாய்டு'ங்கிற சரக்கை வெச்சு அனுப்பியிருக்கும். அது தாளிக்கிற வாசனை மாதிரி. அடுப்படியில தூக்கலா இருக்கும், கூடத்துல குறையும், வாசல்ல லேசா. முட்டைக்குள்ள இருக்கிற சுமார் 6,000 நியூக்ளியஸும் அந்த வாசனையை வெச்சே 'நாம எங்கே நிக்கிறோம்'னு கண்டுபிடிச்சிடும். முதல் அடுக்கு ஜீன்கள் உடம்பைப் பெரிய பெரிய ஏரியாவாப் பிரிக்கும். ரெண்டாவது அடுக்கு 7 வரி போடும். மூணாவது அடுக்கு 14 எல்லைக்கல் நடும். முட்டையிட்டு மூணு மணி நேரத்துக்குள்ள கோடு போடுற வேலை கிட்டத்தட்ட ஓவர். ஒரே நாள்ல புழு வெளியே!

அதுலயும் 'ஈவன்-ஸ்கிப்ட்' போடுற ரெண்டாவது வரி இருக்கே... நம்மாளுங்களுக்கு அல்வா. பைகாய்டும் ஹன்ச்பேக்கும் 'போடு'ன்னு சொல்லணும். ஜயன்ட்டும் க்ரூப்பெலும் 'போடாதே'ன்னு சொல்லாம இருக்கணும். அப்போதான் அந்த இடத்துல அந்த வரி விழும். அப்பட்டமான லாஜிக் கேட்! ஸ்லைடு போட்டதும் நடுவர் ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுத் திரும்பப் பார்த்தார். 'பரிசு நமக்குத்தான்டா'ன்னு அப்பவே தோணிடுச்சு.

"எனி கொஸ்டின்ஸ்?"

கடைசி வரிசையில ஒருத்தங்க எழுந்தாங்க. தோழிக்குத் துணையா வந்த வேளாண் கல்லூரி மாணவி. "எல்லாப் பூச்சியும் இப்படித்தானா? இப்போ... மாவு வண்டு?"

எனக்குத் தெரியாது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனா, மைக் கையில இருந்தா நாக்கு யார் பேச்சையும் கேட்காது போல. "ஆமாங்க, எல்லாப் பூச்சிக்கும் இதே சர்க்யூட்தான். இயற்கை ஒரு நல்ல டிசைனைக் கண்டுபிடிச்சிட்டா அப்புறம் மாத்தாது" - சொல்லி முடிச்சதும் கைதட்டல்! அவங்க "தேங்க்ஸ்ங்க"ன்னு உட்கார்ந்துட்டாங்க. எனக்கு ரெண்டாம் பரிசு, 1,500 ரூபாய்.

சாயங்காலம் டீ ஸ்டால்ல பக்கத்துல வந்து நின்னாங்க. "தப்பா நினைச்சுக்காதீங்க. மாவு வண்டுல பைகாய்டு ஜீனே கிடையாது."

"அப்போ அங்கேயே சொல்லியிருக்கலாமே..."

"மேடையில வெச்சு எதுக்குங்க?" அவ்வளவுதான். டீ கிளாஸை வெச்சுட்டுப் போயிட்டாங்க.

திட்டியிருந்தாக்கூட ரெண்டு நாள்ல மறந்திருப்பேன். அதுவும் வேற எந்தப் பூச்சியா இருந்தாலும் 'சரி விடு'ன்னு விட்டிருப்பேன். ஆனா மாவு வண்டு எனக்கு யாரோ இல்லை. எங்க அப்பா அருப்புக்கோட்டை பக்கம் மாவு மில் வெச்சிருக்கார்!

வண்டு விழுந்த மாவைப் பார்த்திருக்கீங்களா? லேசா ரோஸ் கலர் ஏறியிருக்கும். மூக்கைச் சுளிக்க வைக்கிற ஒரு நெடி வரும். அது உடம்புலேர்ந்து விடுற குயினோன்ங்கிற ரசாயனத்தோட வேலை அது. நான் முதல் வருஷம் சேர்ந்தப்போ, அப்பா ஒரு கடைக்கு 60 கிலோ சத்துமாவு அரைச்சுக் கொடுத்தார். ஒரே மாசத்துல மொத்தமும் ரிட்டர்ன். மூட்டையைப் பிரிச்சா, மாவு தானா நகருது! அந்த மாசம்தான் எனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டணும். அம்மாவோட ரெண்டு வளையல் அடகுக்கடைக்குப் போய், தீபாவளிக்கு அப்புறம்தான் வீடு வந்து சேர்ந்துச்சு. ஆக, எங்க குடும்பத்துக்கே வில்லன் அது. அப்படிப்பட்ட ஆளைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாம, தெரிஞ்ச மாதிரி பேசிட்டு வந்திருக்கேன். ஹாஸ்டலுக்கு வந்த ராத்திரியே தேட ஆரம்பிச்சேன். விடிஞ்சிடுச்சு.

வில்லனோட முழுப்பேர் 'ட்ரைபோலியம் கஸ்டேனியம்'. நம்ம ஊர்ல சல்லடைக்குப் பயந்து ஓடுறவர், வெளியே பெரிய விஐபி. வண்டு இனத்துலேயே முதன்முதலா முழு ஜீனோமும் படிக்கப்பட்டது இவரோடதுதான், 2008-ல. கோதுமை விளையுற அமெரிக்க மாநிலமான கன்சாஸ்ல இவருக்குன்னு பல வருஷமா ஆராய்ச்சி நடக்குது. கோதுமை இருக்கிற இடத்துலதானே இவரும் இருப்பார்!

சரி, இவர் உடம்புல கண்டம் எப்படி வருது? கடலை மிட்டாய் இல்லைங்க. பூத் தொடுக்கிறது! எங்க அப்பத்தா மல்லி தொடுக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். ரெண்டு பூ வெச்சு ஒரு முடிச்சு, இன்னும் ரெண்டு பூ, இன்னொரு முடிச்சு... சரம் நீண்டுக்கிட்டே போகும். வண்டோட கருவும் தலைப்பக்கம் ஒரு சில கண்டங்களோட ஆரம்பிக்கும். மீதியெல்லாம் வால் பக்கத்துலேர்ந்து ஒண்ணு பின்னாடி ஒண்ணா முளைக்கும். ஈ மொத்தத் தட்டுக்கும் கோடு போட்டு முடிக்கிற கட்டத்துல, வண்டுக்கு வயிற்றுப் பகுதியே இன்னும் உருவாகியிருக்காது.

அப்போ முடிச்சு போடுறது யாரு? இங்கேதான் எனக்குப் புல்லரிச்சது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துல சூசன் பிரவுன் குழு 2006-ல மூணு ஜீன்களைப் பிடிச்சாங்க. ஈவன்-ஸ்கிப்ட், ரன்ட், ஆட்-ஸ்கிப்ட். ஈக்கிட்ட பார்த்த அதே ஆளுங்கதான், ஆனா வேலை வேற. முதல் ஜீன் ரெண்டாவதை ஆன் பண்ணும். ரெண்டாவது மூணாவதை ஆன் பண்ணும். மூணாவது திரும்பி வந்து முதல் ஜீனை ஆஃப் பண்ணிடும். பத்தாம் கிளாஸ்ல படிச்ச மின்சார மணி ஞாபகம் இருக்கா? கரண்ட் பாஞ்சதும் சுத்தி போய் மணியில அடிக்கும். அடிக்கப் போன அதே நகர்வுல கரண்ட் கட்டாகும். சுத்தி பழைய இடத்துக்கு வந்ததும் மறுபடி கரண்ட் பாயும். டிங்... டிங்... டிங். தன்னைத் தானே நிறுத்திக்கிற எதுவும், கொஞ்சம் தாமதமா நிறுத்தினா, துடிக்க ஆரம்பிச்சிடும். நாம லேப்ல ஆஸிலேட்டர்னு பேர் வெச்சு, அவுட்புட் வராம அல்லாடி, கடைசியில பக்கத்து பேட்ச் ரீடிங்கை எழுதி வைக்கிறோமே... அதேதான்! இந்த மூணுல எந்த ஒண்ணைச் செயலிழக்க வெச்சாலும், தலைப்பக்கம் ஏதோ கொஞ்சம் மிஞ்சும், உடம்புல கண்டமே இருக்காது.

'இது நிஜமாவே துடிக்குதுன்னு என்ன ஆதாரம்?'னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜீன் ஆன் ஆகியிருக்கான்னு பார்க்கணும்னா கருவைக் கொன்னு சாயம் ஏத்தணும். செத்த கடிகாரத்துல முள் ஓடுதான்னு எப்படிப் பார்க்கிறது? 2012-ல ஆண்ட்ரெஸ் சராசின், ஆண்ட்ரூ பீல், மைக்கேலிஸ் அவெரோஃப் மூணு பேரும் ஒரு காரியம் பண்ணினாங்க. கருவை இடது, வலதுன்னு ரெண்டா வகுந்துட்டாங்க. ஒரு பாதியை உடனே சாயம் ஏத்தினாங்க. இன்னொரு பாதியைக் கொஞ்ச நேரம் வளரவிட்டு அப்புறம் சாயம் ஏத்தினாங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, ஒரே கருவோட 'அப்போ', 'இப்போ' ரெண்டும் கையில! எள்ளைவிடச் சின்ன முட்டைக்குள்ள இருக்கிற கருவை வகுந்து, அதுல பாதியை உயிரோட வெச்சிருக்கிறதை நினைச்சுப் பாருங்க. எனக்கு ஒரு ஐ.சி-யை சால்டர் பண்ணவே கை நடுங்குது. ரிசல்ட்: ஆட்-ஸ்கிப்ட் ஜீன் 30 டிகிரி வெப்பத்துல சுமார் 95 நிமிஷத்துக்கு ஒரு தடவை துடிக்குது. ஒரு துடிப்புக்கு ரெண்டு கண்டம். ஒரு முடிச்சுக்கு ரெண்டு பூ. சரியா எங்க அப்பத்தா கணக்கு!

இன்னொண்ணு கேளுங்க. 1997-ல பிரான்ஸ்ல ஒலிவியே பூர்கியே குழு, கோழிக் கருவுல முதுகெலும்பா மாறப்போற துண்டுகளும் ஒரு ஜீன் கடிகாரத்துக்குத் தகுந்த மாதிரிதான் வருதுன்னு கண்டுபிடிச்சிருந்தாங்க. அங்கே ஒரு துண்டுக்கு 90 நிமிஷம். நம்ம முதுகெலும்புக்கும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. அதுல முக்கியமான 'நாட்ச்'ங்கிற சிக்னல் சிலந்தியிலயும் கரப்பான்பூச்சியிலயும் கண்டம் பிரிக்க உதவுது. பழ ஈ இந்த வேலைக்கு அதைத் தொடுறதே இல்லை. நமக்கும் கரப்பானுக்கும் ஒரே கொள்ளுத்தாத்தாகிட்டேர்ந்து வந்த கடிகாரமா, இல்லை ரெண்டு பக்கமும் தனித்தனியாச் செஞ்சுக்கிட்டதா? இன்னும் தீராத வழக்கு.

பூரானை விட்டுட்டா கோச்சுக்கும். 'நூறு கால்'னு அதுக்கு ஒரு பேர் உண்டு. ஆனா ரொம்ப அபூர்வமான விதிவிலக்கைத் தவிர எந்தப் பூரானுக்கும் சரியா நூறு கால் இருக்காது. கால் ஜோடிகள் 15-லேர்ந்து 191 வரை போகும். ஆனா ஒற்றைப்படையிலதான் இருக்கும். நூறு கால்னா 50 ஜோடி, இரட்டைப்படை ஆயிடுதே! 2004-ல கடற்கரைப் பூரான் ஒண்ணோட கருவைப் பார்த்தவங்க, அதுலயும் கண்டங்கள் ரெண்டு ரெண்டா வர்ற தாளத்தைக் கண்டாங்க. இரட்டை இரட்டையாக் கூட்டிக்கிட்டே போனா, ஆரம்பத்துல ஒண்ணு ஒற்றையா இருந்துட்டா கடைசி வரைக்கும் ஒற்றைதானே? அதான் காரணமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு.

ஆக, கணுக்காலிகள்ல பழைய வழி, சரம் தொடுக்கிற வழிதான். 30 கோடி வருஷத்துக்கு மேல ஆகுது ஈயும் வண்டும் பிரிஞ்சு. ஈயோட வம்சம் நடுவுல எங்கேயோ 'ஒவ்வொண்ணா எவன் தொடுப்பான்?'னு ஒரேயடியாத் தட்டுக்கு மாறிடுச்சு. பைகாய்டு இருக்கே, நான் மேடையில கொண்டாடின சாட்சாத் பைகாய்டு, அது ஈக்கூட்டத்துல ஒரு பிரிவுகிட்ட மட்டும் இருக்கிற புது ஐட்டம். ஒரு பழைய ஜீனோட ஜெராக்ஸ் காப்பி திரிஞ்சு வந்தது. 'நேசோனியா'ங்கிற குளவியும் ஈ மாதிரியே ஒரேயடியாக் கோடு போடும். ஆனா பைகாய்டு இல்லாம வேற ஒரு ஜீனை வெச்சு! ஃபுஷி தராஸு இல்லேன்னா ஈக்குக் கண்டம் பத்தாது. வண்டுலயும் அது வரி வரியா வந்து நிக்கும். ஆனா அதைத் தூக்கிட்டாலும் கண்டங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தன் இருக்கான், எல்லா ஃபங்ஷன் போட்டோவுலயும் பேட்ஜ் குத்திக்கிட்டு நிப்பான். அந்த மாதிரி.

மாறாதது எதுன்னா, அந்த மூணாவது அடுக்கு. எல்லைக்கல் நடுற 'என்கிரெயில்ட்'. ஈ, வண்டு, கரப்பான், சிலந்தி, பூரான், இறால் எதைப் பார்த்தாலும் ஒவ்வொரு கண்டத்தோட பின்விளிம்புல அது வரி கட்டி நிக்குது. எல்லைக்கல் அதேதான், அதுவரைக்கும் அளந்து வர்ற சர்வேயர்தான் வம்சத்துக்கு வம்சம் வேற. 'இயற்கை நல்ல டிசைனை மாத்தாது'ன்னு டயலாக் விட்டேனே... ஈ விஷயத்துல அது மாத்தியிருக்கிறது மேல்பாதி முழுக்க!

ஓடுற பஸ்ஸுல இன்ஜினை எப்படி மாத்துச்சுங்கிறதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். நடுவுல ஒரு தலைமுறை ஈ பிறக்காமப் போனாலும் கதை முடிஞ்சது. இதுக்கு கேம்பிரிட்ஜ்ல எரிக் கிளார்க், மைக்கேல் ஏக்கம் ரெண்டு பேரும் 2016-ல ஒரு துப்பு கொடுத்தாங்க. ஈயில 7 வரி எப்படி 14 ஆகுது? 'ஆட்-பெயர்ட்'னு ஒரு ஜீன் நேரம் பார்த்து வந்து சர்க்யூட்டோட வயரிங்கையே மாத்திவிடுது. நம்ம பாஷையில ஃப்ரீக்வென்ஸி டபுளர்! 2018-ல கிளார்க்கும் பீலும் இன்னும் ஒரு படி போனாங்க. இந்த ஆட்-பெயர்டுக்கு முன்னாடி வர்ற ரெண்டு ஜீன்கள், அப்புறம் இதுன்னு, அதே வரிசை வண்டுலயும் இருக்கு. வண்டுல வால்லேர்ந்து முன்னாடி வரிசையா நடக்கிற நாடகம், ஈயில உடம்பு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஓடுது. அதாவது, கடலை மிட்டாய்த் தட்டுக்கு அடியில பழைய பூ நார் இன்னும் கிடக்கு.

இதையெல்லாம் எழுதி சிம்போஸியம் நடத்தின காலேஜுக்கு ஒரு மெயில் தட்டினேன். 'என் பதில் தப்பு, பரிசை என்ன பண்ணட்டும்?'னு கேட்டேன். 'பரிசு வாபஸ் வாங்கும் வழக்கம் இல்லை. அடுத்த ஆண்டும் வருக'ன்னு பதில் வந்துச்சு!

போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். சல்லடையை ஆட்டிக்கிட்டே கேட்டார்.

"இதைக் கொல்ல வழி ஏதாச்சும் சொல்லியிருக்கானா?"

"அமெரிக்காவுல உருளைக்கிழங்கு வண்டுக்கு, ஒரு ஜீனை அடக்குற ஸ்ப்ரேக்கு 2023-ல அனுமதி கொடுத்திருக்காங்கப்பா. இது வேற வண்டு."

"அப்போ நமக்குச் சல்லடைதான்." கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரின்னு அதுகிட்டச் சொல்லிட்டியா?"

"பேரு, ஊரு எதுவும் தெரியாதுப்பா."

"பத்திரிகையிலதான எழுதுற. அதுல சொல்லு."

சொல்லிட்டேன். கடைசி வரிசைத் தோழி, நீங்க கேட்ட கேள்விக்கு என் பதில்: இல்லைங்க, எல்லாப் பூச்சியும் அப்படி இல்லை.

அன்னைக்கு அப்பா சலிச்சுக் கொட்டினதுல பத்துப் பன்னிரண்டு வண்டைப் பொறுக்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல மாவு போட்டு விட்டேன். பாட்டில் இப்போ ஹாஸ்டல்ல என் கட்டிலுக்கு அடியில. ரெண்டு வாரத்துல பொடிப் புழுக்கள் வந்தாச்சு. லென்ஸ் வெச்சு எண்ணினேன். தலைக்குப் பின்னாடி கால் முளைச்ச கண்டம் மூணு, அப்புறம் வயிறு எட்டு, ஒன்பதாவதுல வால் பக்கமா ரெண்டு குட்டிக் கொம்பு. உடனே அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

"லீவுக்கு வரும்போது அந்த பாட்டிலையும் தூக்கிட்டு மில்லுக்குள்ள வந்துடாத. வந்தேன்னா உன்னையும் சேர்த்துச் சலிச்சுருவேன்!"